பழைய ஆறு சிலிண்டர் டாட்சனைக் கோலாலம்பூர் சாலைக்கு டியூன் செய்வது: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் பழைய ஆறு சிலிண்டர் காடி வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்செல்லாம் 6,000 ஆர்பிஎம்மில் வரும் சத்தத்தைப் பற்றித்தான். அந்தக் காடியோ பெரும்பாலான நேரத்தை ஜாலான் ஈப்போ ஜாமிலும் எம்ஆர்ஆர்2 சாலையிலும் 900 முதல் 3,000 ஆர்பிஎம்முக்குள் கழிக்கிறது. உச்ச சக்தியை மட்டும் குறிவைத்து டியூன் செய்த எஞ்சின் செந்தூல் சிக்னலில் திணறும், பிளக் கறுத்துப்போகும், சூடேறி நின்றும் விடும். கீழே ஒழுங்காக ஓடும்படி செய்துவிட்டால் மேலே ஓட வைப்பது பெரிய வேலையில்லை. அதனால் இந்த வழிகாட்டி முதலில் ஜாமைக் கவனிக்கிறது, மலைச் சாலையை அப்புறம் பார்க்கிறது.

இங்கே தருகிற அளவுகள் டாட்சன் காடிகளில் வந்த நிசானின் எல் வரிசை எஞ்சினுக்கு உரியவை. ஜாகுவார், பிஎம்டபிள்யூ, பென்ஸ் என்று வேறு பழைய ஆறு சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதேதான். எண்களை மட்டும் அந்தந்தக் காரின் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைத் தெரிந்துகொள்ளுங்கள்

டான் சோங் 1957இல் டாட்சன் விநியோகத்தைத் தொடங்கியதிலிருந்து நம் ஊரில் அந்தப் பெயர் பழகிய பெயர். டாட்சன் 240இசட் ஸ்போர்ட்ஸ் கார் 1969 கடைசியில் அறிமுகமானது. அதிலிருக்கும் எல்24 எஞ்சின் 2,393 சிசி. போர் (சிலிண்டரின் விட்டம்) 83 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 73.7 மி.மீ. பிறகு வந்த எல்28 எஞ்சின் 2,753 சிசி. போர் 86, ஸ்ட்ரோக் 79. இரண்டுக்கும் வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், செயின் ஓட்டும் ஒற்றை கேம், ஏழு மெயின் பேரிங். வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் எல்24 இருந்த இடத்தில் எல்28ஐ உட்கார வைப்பது உலகம் முழுக்க நடக்கும் மாற்றம்.

டியூன் செய்கிறவர் மனத்தில் வைக்க வேண்டியவை இரண்டு. நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின் இயல்பிலேயே சமநிலை கொண்டது. நான்கு சிலிண்டரில் வருகிற இரண்டாம் நிலை அதிர்வுகூட இதில் இல்லை. ஆகவே ஐடிலில் காடி குலுங்கினால் "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லும் போமனை (மெக்கானிக்கை) நம்பாதீர்கள். ஏதோ ஒரு சிலிண்டர் தன் வேலையைச் செய்யவில்லை. மற்றொன்று, இந்த ஹெட்டில் இன்டேக்கும் எக்சாஸ்ட்டும் ஒரே பக்கம் இருக்கின்றன. கார்புரேட்டருக்கு நேர்கீழே எக்சாஸ்ட் கொதிக்கிறது. பகலில் 33 டிகிரி வெயில் அடிக்கும் ஊரில் நாம் படும் பாட்டில் பாதி இந்த அமைப்பால்தான்.

கை வைக்கும் முன் காகித வேலை

எஞ்சின் மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியும் வாகனப் பரிசோதனையும் தேவை. கிராண்ட்டில் (வாகனப் பதிவுப் பத்திரத்தில்) எஞ்சின் எண்ணும் சிசியும் மாற வேண்டும். ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய கார்களை விற்கும் கடையில்) எஞ்சின் வாங்கும்போதே அதன் இறக்குமதிப் பத்திரங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

ரோடு டெக்ஸையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கு 2,001 முதல் 2,500 சிசி வரை 380 வெள்ளியோடு, 2,000ஐத் தாண்டிய ஒவ்வொரு சிசிக்கும் 1 வெள்ளி. 2,501 முதல் 3,000 வரை 880 வெள்ளியோடு, 2,500ஐத் தாண்டிய ஒவ்வொரு சிசிக்கும் 2.50 வெள்ளி. அதன்படி எல்24க்கு வருடம் 773 வெள்ளி, எல்28க்கு 1,512.50 வெள்ளி. 360 சிசி கூடியதற்கு வரி ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுபவர் என்றால் நன்றாக டியூன் செய்த எல்24 எஞ்சினே போதும் என்பது என் கருத்து.

வரிசையை மாற்றாதீர்கள்

வால்வ், கம்ப்ரஷன், இக்னிஷன், குளிர்விப்பு, பெட்ரோல் வரத்து, கடைசியில் கார்புரேட்டர். பலர் காடி சரியாக ஓடவில்லை என்றதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நேராக கார்புரேட்டருக்குப் போகிறார்கள். அங்கே தென்படும் கோளாறில் பெரும்பகுதி இக்னிஷனிலோ வால்விலோ தொடங்கியது. முந்தையதைச் சரிசெய்யாமல் கார்புரேட்டரைத் திருகினால் ஒரு தவறை இன்னொரு தவறால் மறைக்கிறோம். அடுத்த வாரம் இரண்டும் சேர்ந்து வெளியே வரும்.

படி 1: வால்வும் கம்ப்ரஷனும்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது இன்டேக் 0.20 மி.மீ., எக்சாஸ்ட் 0.25 மி.மீ. சூடாக இருக்கும்போது 0.25, 0.30. இவை ஸ்டாண்டர்ட் கேமுக்கு. மாற்றுக் கேம் போட்டிருந்தால் அதோடு வந்த அட்டையில் உள்ள அளவுதான் வேதம். தேவையானவை ஒரு 14 மி.மீ. ஸ்பேனர், ஒரு 17 மி.மீ. ஸ்பேனர், ஃபீலர் கேஜ். எஞ்சினைத் திருப்ப முன்புற புல்லி போல்ட்டில் 27 மி.மீ. சாக்கெட் போடுங்கள், கேம் போல்ட்டைப் பிடித்துத் திருப்பக் கூடாது. கேமின் மூக்கு மேல் நோக்கி இருக்கும்போது அந்த வால்வை அளக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது இடைவெளி கொஞ்சம் மாறும் என்பதால் இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

கேமை அரைத்திருந்தாலோ ஹெட்டைச் சீவியிருந்தாலோ இடைவெளி மட்டும் சரியாக இருந்தால் போதாது. ராக்கரில் கேம் தேய்த்த தடம் நடுவில் விழ வேண்டும். ஓரத்துக்குப் போயிருந்தால் லாஷ் பேடின் (வால்வின் தலையில் ராக்கர் படும் சிறு தட்டின்) கனத்தை மாற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்ட கேம்கள் சீக்கிரமே தேய்ந்துவிடுகின்றன. எண்ணெயும் இதற்கு ஒரு காரணம். இந்த ராக்கர் கேமின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, ரோலர் கிடையாது. துத்தநாகச் சத்து போதுமான அளவு உள்ள 20டபிள்யூ-50 எண்ணெய் போடுங்கள். புதுக் காருக்கான மெல்லிய எண்ணெய் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இதற்கு ஒத்துவராது.

அடுத்து கம்ப்ரஷன். எஞ்சினைச் சூடாக்கி, ஆறு பிளக்கையும் கழற்றி, திராட்டலை முழுக்கத் திறந்துவைத்து அளக்க வேண்டும். மொத்த எண்ணைவிட ஆறுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். 10 முதல் 15 சதவிகிதத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் டியூனை நிறுத்திவிட்டு அந்த சிலிண்டரைக் கவனியுங்கள். அதில் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால் எண் ஏறுகிறதா? ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையா? வால்வ் அல்லது கேஸ்கெட்.

ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் ஓர் எச்சரிக்கை. கேம் ஸ்ப்ராக்கெட்டை எடுக்கும் முன் செயினுக்கு நடுவே மரத்தில் செதுக்கிய ஆப்பு ஒன்றை இறுக்கமாகச் செருகுங்கள். இல்லாவிட்டால் டென்ஷனர் வெளியே வந்து விழும். அதைத் திரும்பப் போட முன்பக்க டைமிங் கவரையே கழற்ற வேண்டிவரும். அரை நாள் வேலை மூன்று நாளாகும் இடம் அது.

படி 2: இக்னிஷன்

ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4, டிஸ்ட்ரிபியூட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். பாயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் டுவெல் (பாயின்ட் மூடியிருக்கும் கோணம்) 35 முதல் 41 டிகிரி. பிளக் இடைவெளி 0.8 முதல் 0.9 மி.மீ.; என்ஜிகே பிபி6இஎஸ் நகர ஓட்டத்துக்குப் பொருந்தும்.

டைமிங் லைட்டை எடுக்கும் முன் ஒரு சோதனை. முன்புற டாம்ப்பர் புல்லி இரண்டு வளையங்களால் ஆனது, நடுவில் ரப்பர். ஐம்பது வருடம் ஆன ரப்பர் வழுக்கி, வெளிவளையம் நகர்ந்திருக்கலாம். அப்படியானால் அதிலுள்ள குறி பொய் சொல்லும். முதல் சிலிண்டர் பிஸ்டன் உண்மையிலேயே உச்சியில் இருக்கும்போது குறி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பிஸ்டன் ஸ்டாப் வைத்துச் சரிபாருங்கள். நிற்கவில்லை என்றால் டாம்ப்பரை மாற்றுவதுதான் வழி. பெயிண்ட்டால் புதுக் குறி போடுவது தற்காலிகத்துக்குச் சரி. வழுக்கிய ரப்பர் மறுபடியும் வழுக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு பக்கமாக முழுக்கத் திருகியும் டைமிங் வரவில்லையா? ஆயில் பம்ப் தண்டு ஒரு பல் தவறி மாட்டப்பட்டிருக்கும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே பாருங்கள். தண்டின் மேல்முனை கடிகாரத்தில் 11 மணி 25 நிமிடம் காட்டும் நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பம்பைக் கீழிருந்து கழற்றிச் சரியாக மாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

டைமிங்கை ஐடிலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மாற்றியமைத்த எஞ்சினில் எது முக்கியம் என்றால் மொத்த அட்வான்ஸ், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்பே தீப்பொறி வருகிறது என்பது. வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, 3,000 முதல் 3,500 ஆர்பிஎம்மில் அட்வான்ஸ் ஏறுவது நின்ற பிறகு அளந்து பாருங்கள். 32 முதல் 34 டிகிரியில் தொடங்குங்கள். பிறகு ஐடிலில் எவ்வளவு வருகிறதோ வரட்டும். அது 8 டிகிரிக்கும் கீழே போனால் ஐடில் சோம்பலாகி எஞ்சின் சூடேறும். அப்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மெக்கானிக்கல் அட்வான்ஸைக் குறைத்து, தொடக்க அளவைக் கூட்ட வேண்டும்.

மூன்று கார்புரேட்டர் வைத்தவர்களில் பலர் வேக்குவம் அட்வான்ஸை அடியோடு எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் இருப்பதால் வேக்குவம் துடிக்கும், ஆகவே வேண்டாம் என்பது அவர்கள் வாதம். பந்தயக் காருக்கு அது சரி. ஜாமில் நிற்கிற காருக்கு வேக்குவம் அட்வான்ஸ் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும், எக்சாஸ்ட் சூட்டையும் குறைக்கும். ஆறு குழாயிலிருந்தும் சிறு இணைப்பு எடுத்து ஒரு சின்ன டப்பாவில் சேர்த்தால் துடிப்பு அடங்கிவிடும். பிரேக் பூஸ்டருக்கும் அங்கிருந்தே எடுக்கலாம், ஒருவழி வால்வ் கட்டாயம்.

பாயின்ட்டைத் தூக்கிவிட்டு, பிறகு வந்த 280இசட்எக்ஸ் காரின் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் போடுவது பழைய, நம்பகமான மாற்றம். ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் இதைச் செய்யத் தயங்க வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 240இசட்டின் டேக்கோமீட்டர் காயில் வயரில் ஓடும் மின்னோட்டத்தை உணர்ந்து வேலை செய்வது. பேலாஸ்ட் ரெசிஸ்டரை (காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும் தடையை) தாண்டி வயரிங் மாற்றினால் முள் தாறுமாறாகக் குதிக்கலாம். எஞ்சினில் கோளாறு என்று நினைத்து அலையாதீர்கள்.

எந்த பெட்ரோல் என்பது கம்ப்ரஷன் விகிதத்தைப் பொறுத்தது. ஸ்டாண்டர்ட் எல்24க்கு ரோன்95 போதும். 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய புடி95 மானியத் திட்டத்தில் லிட்டர் 1.99 வெள்ளிக்குக் கிடைத்தபோது பழைய காடிக்காரர்கள் கொஞ்சம் மூச்சுவிட்டார்கள். ஆனால் எல்28 பிளாக்கில் தட்டைப் பிஸ்டனும் ஆரம்பகால 240இசட்டின் இ31 ஹெட்டும் சேர்த்துக் கட்டியிருந்தால் விகிதம் 10ஐத் தாண்டும். அதற்கு ரோன்97 அல்லது ரோன்100 போட்டுத்தான் ஆக வேண்டும். நாக்கிங் (கலவை தானாகவே தீப்பற்றித் தட்டுவது) எப்போது வரும்? நாலாவது கியரில், 2,000 முதல் 3,000 ஆர்பிஎம்மில், மேட்டில் பெடலை அழுத்தும்போது. தகர டப்பாவில் கோலிக்குண்டு உருளுகிற மாதிரி சத்தம் கேட்டால் உடனே காலை எடுத்துவிட்டு, வீடு வந்ததும் 2 டிகிரி குறைத்துவையுங்கள். சத்தமான எக்சாஸ்ட் போட்டவர்களுக்கு இது காதில் விழாது என்பது பெரிய ஆபத்து. எல்28இல் பின்பக்கத்து 5, 6ஆம் சிலிண்டர்கள் கூடுதலாகச் சூடேறும் என்று கட்டுபவர்கள் சொல்வார்கள். பிளக்கைப் பார்க்கும்போது அந்த இரண்டையும் முதலில் கழற்றிப் பாருங்கள்.

படி 3: சூடு

இங்கே பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு: காடி சூடேறுகிறது என்று போனால் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் காடியிலும் ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்தார்கள். விளைவு, ஜாமில் சூடு கொஞ்சமும் குறையவில்லை. நெடுஞ்சாலையிலோ முள் அடியிலேயே கிடந்தது. ஜாமில் சூடேறுவதற்குக் காரணம் ரேடியேட்டர் வழியாகக் காற்று போகாதது. தெர்மோஸ்டாட்டுக்கு அதில் பங்கில்லை. எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, சிலிண்டர் சுவர் தேயும். நிசான் இந்த எஞ்சினுக்கு 82 டிகிரி தெர்மோஸ்டாட்டோடு வெப்பநாடுகளுக்கென 76.5 டிகிரி ஒன்றையும் குறித்திருக்கிறது. நமக்கு அதுதான்.

காசை எங்கே போடலாம்? மூன்று வரிசைச் செம்பு ரேடியேட்டர் அல்லது நல்ல அலுமினிய ரேடியேட்டர், அதைச் சுற்றி இடைவெளியில்லாத ஷ்ரவுட் (ஃபேன் கூண்டு), ரிலே வைத்த எலக்ட்ரிக் ஃபேன். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தனக்கு நேரே இருக்கும் பகுதியில் மட்டும்தான் காற்றை இழுக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். அழுத்தம் பிடிக்காத மூடி, தண்ணீரைக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கவிடும்.

அடுத்தது கார்புரேட்டருக்குக் கீழே இருக்கும் சூடு. எக்ஸ்ட்ராக்டர் (தனித்தனிக் குழாய்களாலான எக்சாஸ்ட் மேனிஃபோல்டு) போட்டவர்கள் அதற்கு செராமிக் பூச்சு கொடுத்துவிடுவது நல்லது. துணிச்சுற்று மலிவுதான், ஆனால் ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயை அரித்துவிடும். எக்சாஸ்ட்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே அலுமினியத் தடுப்புத் தகடு கட்டாயம். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் பேக்கலைட் ஸ்பேசரும் போடுங்கள். பெட்ரோல் குழாயை ஹெட்டின் மேலாகக் கொண்டுபோகாமல் ஒதுக்கி விடுங்கள்.

படி 4: பெட்ரோல் வரத்து

வெபர் டிசிஓஇ கார்புரேட்டருக்கு சுமார் 3 பிஎஸ்ஐ போதும். எலக்ட்ரிக் பம்ப் போட்டால் டேங்க்குக்குப் பக்கத்தில் போட்டு, ரெகுலேட்டரும் டேங்க்குக்குத் திரும்பும் குழாயும் வையுங்கள். சுற்றிக்கொண்டே இருக்கும் பெட்ரோல் சூடாகி ஆவியாக நேரம் கிடைக்காது. பழைய ரப்பர் குழாய்கள் அத்தனையையும் மாற்றுங்கள். எக்சாஸ்ட்டுக்கு மேலே வெடிப்புவிட்ட பெட்ரோல் குழாய் இருந்தால் மேற்கொண்டு டியூன் செய்ய காடியே இருக்காது. இந்த வேலைகளின்போது தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

படி 5: கார்புரேட்டர்

முதலில் காற்றுக் கசிவு. ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு கேஸ்கெட் ஓரத்திலும் கார்ப் கிளீனரை மிகச் சிறிதாக அடியுங்கள், எக்சாஸ்ட்டில் படாமல். ஆர்பிஎம் மாறினால் அங்கே கசிவு. பிறகு ஒருவரைக் காடிக்குள் உட்காரவைத்துப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி, எல்லா பட்டர்ஃபிளையும் முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள். பெரிய கேம் போட்டும் சக்தி இல்லை என்று புலம்பும் காடிகளில் சிலவற்றில் திராட்டல் முக்கால்தான் திறக்கும்.

*இரட்டை எஸ்யூ வகை.* 240இசட்டில் வந்தவை 46 மி.மீ. ஹிட்டாச்சி. மேல் டோமைக் கழற்றி பிஸ்டன் தடையில்லாமல் இறங்குகிறதா பாருங்கள். "டக்" என்று சத்தம் வர வேண்டும். கார்புரேட்டரின் டாம்ப்பரில் எஸ்ஏஇ 20 எண்ணெய். மிக்சர் நட்டை முழுக்க மேலேற்றி, இரண்டரைச் சுற்று கீழிறக்கித் தொடங்குங்கள். சின்க்ரோமீட்டர் வைத்து இரண்டின் காற்றோட்டத்தையும் சமமாக்குங்கள். பிறகு ஒரு பிஸ்டனை ஏறத்தாழ 1 மி.மீ. தூக்குங்கள். ஆர்பிஎம் லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் மிக்சர் சரி. ஏறி அங்கேயே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்). இறங்கினாலோ நின்றுபோனாலோ லீன் (பெட்ரோல் குறைவு). இந்த ஜோடியைப் பலர் ஏளனமாகப் பேசுகிறார்கள். நகரத்துக்குள் தினமும் ஓட்டுபவருக்கு இதைவிட நல்லது கிடையாது என்பேன்.

*மூன்று வெபர்.* இதை எடுத்தவர்கள் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். சாலை ஓட்டத்துக்கான எல்24க்கு 40 டிசிஓஇ, 32 மி.மீ. சோக் (உள்ளே காற்றுவழியைக் குறுக்கும் வளையம்); எல்28க்கு 45 டிசிஓஇ, 34 மி.மீ. சோக். 38, 40 என்று பெரிய சோக் போட்டால் கீழ் ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் செத்துவிடும். மெயின் ஜெட்டுக்குத் தொடக்கக் கணக்கு சோக் அளவை நாலால் பெருக்குவது: 32க்கு 130 பக்கம், 34க்கு 135. ஏர் கரெக்டர் அதற்கு மேல் 50 கூட்டி, அதாவது 180, 185. எமல்ஷன் டியூப் எஃப்11 அல்லது எஃப்16. ஐடில் ஜெட் 50எஃப்8 அல்லது 55எஃப்8.

கார்புரேட்டரை மேனிஃபோல்டில் இரும்பாக இறுக்காதீர்கள். ஓ-ரிங் வைத்த மென்மையான மவுண்ட் அசைவைத் தாங்கத்தான் இருக்கிறது. முழுக்க இறுக்கினால் எஞ்சின் அதிர்வில் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் நுரைத்துவிடும்.

செய்முறை இது. லிங்கேஜைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கார்புரேட்டரையும் தனித்தனியாகச் சமன் செய்யுங்கள். ஒரே கார்புரேட்டரின் இரண்டு பேரலுக்கும் வித்தியாசம் இருந்தால் குறைவாக இழுப்பதன் பைபாஸ் ஸ்க்ரூவைத் திறந்து மற்றதற்கு இணையாக்குங்கள். ஐடில் 900 முதல் 1,000 வரை வையுங்கள். மிக்சர் ஸ்க்ரூ பழைய தடித்த மரை என்றால் ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று, நுண்மரை என்றால் இரண்டரைச் சுற்று திறந்து தொடங்கலாம். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து ஆர்பிஎம் தளரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மெல்லத் திறந்து, சீராக ஓடும் முதல் இடத்தில் நிறுத்துங்கள். ஆறுக்கும் செய்த பிறகு லிங்கேஜை மாட்டி, 2,000 ஆர்பிஎம்மில் மறுபடி சமன் பாருங்கள். லிங்கேஜை மாட்டியதும் சமன் கலைந்தால் தப்பு ராடுகளின் நீளத்தில் இருக்கிறது, கார்புரேட்டரில் இல்லை.

இப்போது மிக முக்கியமான இடம். வெபரில் மிதமான திராட்டலில் சுமார் 3,000 ஆர்பிஎம் வரை எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுப்பது ஐடில் ஜெட்டும் அதோடு சேர்ந்த ப்ரோக்ரஷன் துளைகளும்தான். மெயின் ஜெட் அப்போது தூங்குகிறது. ஜாமில் ஊர்வது, கெசாஸ் நெடுஞ்சாலையில் 90இல் போவது, எல்லாமே ஐடில் ஜெட்டில். கடைக்குப் போய் மெயின் ஜெட் பெட்டி வாங்குவதற்கு முன் ஐடில் ஜெட்டில் மூன்று நான்கு அளவு வாங்குங்கள். மெதுவாகப் பெடலை அழுத்தும்போது 1,800 முதல் 2,500க்குள் தயக்கமும் கார்புரேட்டர் வழியாகத் தும்மலும் வந்தால் ஐடில் ஜெட் சின்னது. எக்சாஸ்ட்டில் கண் எரியும் வாடை, கறுத்த பிளக், ஆறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்றால் பெரியது. திடீரென்று மிதிக்கும்போது மட்டும் பள்ளம் விழுந்தால் ஆக்சிலரேட்டர் பம்ப் பக்கம் பாருங்கள்.

படி 6: சாலையில் அளப்பது

எக்சாஸ்ட்டில் ஒரு வைட்பேண்ட் சென்சர் பற்றவைத்து மீட்டர் மாட்டுங்கள். ஊகத்தில் வாங்கும் ஜெட்டுகளின் செலவில் அது வந்துவிடும். காற்று-பெட்ரோல் விகிதம் ஐடிலில் 13 முதல் 13.5, நிதான ஓட்டத்தில் 13.5 முதல் 14.5, முழு திராட்டலில் 12.5 முதல் 12.8 என்று வந்தால் நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து மீட்டரைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஜெட்டை மாற்றுங்கள்.

காலைக் குளிரில் வைத்த மிக்சர் மதிய வெயிலில் கொஞ்சம் ரிச் பக்கம் சாயும், சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால். கெந்திங் உச்சி சுமார் 1,800 மீட்டர். அங்கே ஏறும்போது இன்னும் ரிச் ஆகி, ஐடில் தடுமாறும். மேலே நின்று ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். இறங்கி கோம்பாக் வந்ததும் தானாகச் சரியாகிவிடும். திருகியிருந்தால் லீனாகி ஓடும்.

படி 7: ஓட்டுவது

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கால் மணி நேரம் ஐடிலில் விட்டு அக்கம்பக்கத்தாரை எழுப்ப வேண்டாம். ஒரு நிமிடம் போதும். பிறகு எண்ணெய் சூடாகும்வரை, பத்து நிமிடம் போல, 3,000க்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். தண்ணீர் முள் நடுவுக்கு வந்துவிட்டால் எண்ணெயும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஜாமில் நிற்கும்போது நியூட்ரல். முன் வண்டிக்கு இடைவெளி விட்டு நின்றால் அதன் எக்சாஸ்ட் சூடு நம் ரேடியேட்டருக்குள் வராது. முள் ஏறினால் முதலில் ஏர்கோனை அணையுங்கள். தைப்பூச நாட்களில் பத்துமலைப் பக்கம் சாலைகளை அடைத்துவிடுவார்கள். அந்த வாரத்தில் மூன்று வெபர் வைத்த காடியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவதில் அர்த்தமில்லை, ரயிலில் போங்கள்.

சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு மாமாக் கடையில் தே தாரிக் குடித்து வந்தால் ஸ்டார்ட் ஆகாது என்பது பலரின் புகார். ஃப்ளோட் அறையில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்திருக்கும். பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தால் ஆக்சிலரேட்டர் பம்ப் இன்னும் பெட்ரோலைத்தான் பீய்ச்சும். பெடலைப் பாதிக்குமேல் மெதுவாக அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பிடித்ததும் காலைத் தளர்த்துங்கள். நிறுத்தியவுடன் பானெட்டைச் சற்றுத் திறந்து வைத்தால் இந்தத் தொல்லை பாதியாகும்.

மலைக்கு உலு யாம் வழியாக பத்தாங் காலி போகும் சாலை இந்தக் காடிகளுக்கென்றே போட்டது மாதிரி இருக்கும். மூன்றாவது கியரில் 3,000 முதல் 5,000க்குள் எஞ்சினை வைத்திருங்கள். எல்லா வளைவையும் அதே கியரில் கடக்கலாம். கீழ் ஆர்பிஎம்மில் நாலாவது கியரில் அழுத்தி ஏற்றுவதுதான் நாக்கிங்குக்கு அழைப்பு. அடிப்பாகம் பிரித்துக் கட்டாத எஞ்சினை 6,000க்கு மேல் கொண்டுபோகாதீர்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பழைய பிரேக் சீக்கிரம் களைத்துவிடும். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொண்டு, வளைவுக்குள் லேசாகப் பெடலை மிதித்தபடி போக வேண்டும். நடுவளைவில் பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் வெளியே ஓடும். ஈரச் சாலையில் இது நொடியில் நடக்கும், ஏபிஎஸ் முதலான காப்பும் கிடையாது.

மழை நம் ஊரில் பிற்பகலில் சொல்லாமல் வரும். ஏர் ஃபில்டர் இல்லாமல் திறந்த டிரம்பெட் (காற்று இழுக்கும் குழல்) வைத்து ஓட்டுகிறவர்கள் அழகுக்காக எஞ்சினுக்குள் மணலையும் தண்ணீரையும் விடுகிறார்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகத்தைக் குறைத்து ஒரே சீராகப் போங்கள். மழைக்குப் பிறகு ஒரு சிலிண்டர் விட்டு விட்டு ஓடினால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உட்புறம் துடையுங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஈரம். பிரேக் எண்ணெயும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. டாட் 4 போட்டு வருடம் ஒருமுறை மாற்றுங்கள், மலைக்குப் போகிறவர்கள் போகும் முன் கண்டிப்பாக.

பூட்டில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு கேப், ஒரு ரோட்டர், பாயின்ட் வைத்தவர்களுக்கு ஒரு செட் பாயின்ட்டும் கண்டென்சரும், ஃபேன் பெல்ட், ஒரு மீட்டர் பெட்ரோல் குழாயும் கிளிப்புகளும், 14, 17 ஸ்பேனர்கள், ஐந்து லிட்டர் தண்ணீர், தீயணைப்பான். எக்ஸ்ட்ராக்டர், சோக், ஜெட் எல்லாவற்றின் அளவையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி கிளவ் பாக்ஸில் போடுங்கள். அடுத்த முறை வேறு போமன் பானெட்டைத் திறக்கும்போது அவருக்கு முதலில் அதைக் கொடுங்கள்.